மாடி சரசுவுடையது, தகடு கம்பெனியுடையது

வீட்டுக்குள் காலே வைக்காமல் ரீடிங் எடுத்துக்கொள்ளும் மீட்டர் வரப்போகிறதாம். அதை வாங்கி மாட்டப்போவது ஏதோ ஒரு தனியார் கம்பெனியாம். அந்தக் கம்பெனியில் பணம் போட்டவர்கள் எங்கோ கடல் தாண்டி இருக்கிறார்களாம். எங்கள் பழைய ஆபீஸ் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நாளாக இதே பேச்சு. காலை வணக்கப் பூக்களும் மாதா படங்களும் முருகன் படங்களும் சண்டையில்லாமல் வந்துகொண்டிருந்த குழு அது. திடீரென்று எல்லோரும் பொருளாதாரம் பேசுகிறார்கள். நடுவில் ஒருத்தி, "ஸ்டெல்லாக்கா, நீங்க ரிட்டயர் ஆகி ஊட்ல சும்மாதானே இருக்கீங்க. அந்த முத்துசாமி ஊட்டுக் கதைய எழுதிப் போடுங்க" என்று கொளுத்திப் போட்டாள். சும்மா இருக்கிறேன் என்று சொன்னாளே, அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மின்சார ஆபீசில் மதிப்பீட்டாளராக இருந்தவள். பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். வீடு வீடாகப் போய் மீட்டரைப் படித்து, அட்டையில் எழுதிவிட்டு வருவதுதான் வேலை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் என் அப்பா இந்தப் பதவிப் பெயரை மட்டும் சொன்னார், வேலையைச் சொல்லவில்லை. கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஃபேன் ஓடும் ஓர் அறையில் உட்கார வைத்து மீட்டரின் உள்ளுறுப்புகளைப் படம் போட்டுக் காட்டினார்கள். நாயைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த வேலையில் பாதி நாய்தான்.

மீதிப் பாதி மீட்டர் பெட்டி. எங்கள் பக்கத்து மக்களுக்கு மீட்டர் பெட்டி என்பது அலமாரி. வண்டிச் சாவி, சீப்பு, ரேஷன் கார்டு, காணாமல் போன மூக்குக் கண்ணாடி எல்லாம் அதன் மேல்தான் இருக்கும். ஆயுத பூஜை வந்துவிட்டால் மீட்டருக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. பொட்டு எப்போதும் எண்களின் மேலேயே சரியாக விழும். நான் கிறிஸ்தவப் பெண் ஆயிற்றே, சாமிக்கு வைத்த பொட்டைத் துடைத்தால் தப்பாகிவிடுமோ என்று முதல் வருஷம் தயங்கி நின்றேன். அந்த வீட்டம்மா சிரித்துவிட்டுத் தன் முந்தானையால் துடைத்து, என் கையில் பொரி கடலையும் கொடுத்து அனுப்பினார். அதிலிருந்து வருஷா வருஷம் அந்த வாரம் முழுக்க எனக்கு மதியச் சாப்பாடு தேவைப்பட்டதில்லை.

அஸ்தம்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறிப் புதுச்சத்திரம் போய் வந்தேன். அங்கே எனக்கு வாய்த்த உதவிப் பொறியாளர் சிவப்பிரகாசம் சார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடும். சாதாரண நாளில் "ஸ்டெல்லாம்மா, வாங்க" என்பார். "ஏனுங்க ஸ்டெல்லாம்மாங்க, ஒரு நிமிசம் வாரீங்களாங்க" என்று கூப்பிட்டால் அன்றைக்குத் தொலைந்தோம் என்று அர்த்தம். ஒரு கான்டிராக்டரை அவர் "அய்யாங்க" என்று கூப்பிட்டதைக் கேட்டு அந்த ஆள் நின்ற இடத்திலேயே வேர்த்துப் போனார்.

மின்தடை நாளில் சாரைப் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை லைனை நிறுத்துவார்கள். துணைமின் நிலையத்தில் நிறுத்தியாயிற்று, நிறுத்திவிட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளும் வந்தாயிற்று. இருந்தாலும் வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கம்பிகளைத் தரையோடு சேர்த்து எர்த் ராடு மாட்டாமல் யாரையும் கம்பத்தில் ஏற விடமாட்டார். அதுதான் நிறுத்தியாகிவிட்டதே, எதற்கு இந்த வேலை என்று புதிதாக வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். "எல்லாரும் நிறுத்தியாச்சுன்னு சொல்றாங்க, சரீங்க. கம்பிக்கு அது தெரியுமுங்களா?" என்று கேட்பார்.

வேலை முடிந்ததும் ஒரு ஹாஜர் எடுப்பார். ஏறிய ஆட்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். அவர்கள் தரையில் நின்று "இருக்கேனுங்க" என்று சொல்ல வேண்டும். கம்பத்தின் மேலிருந்து குரல் கொடுத்தால் செல்லாது. ஏணியின் கடைசிப் படியில் நின்று சொன்னாலும் செல்லாது. இரண்டு காலும் மண்ணில் பட்ட பிறகுதான் அடுத்த பெயர். அதற்குப் பிறகு எர்த் ராடுகளைக் கழற்றி எண்ணி வைத்துவிட்டுத்தான் கரண்ட் கொடுக்கச் சொல்லிப் போன் போகும். ஒருநாள் கல்யாண மண்டபத்திலிருந்து, மாப்பிள்ளைக்கு வேர்க்கிறது, சீக்கிரம் விடுங்கள் என்று கெஞ்சினார்கள். "இப்பவே பழகிக்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

நான் ரிட்டயர் ஆக ஓரிரு வருஷம் இருக்கும்போதுதான் எங்கள் செக்‌ஷனில் இருந்த ஒரு சிற்றூருக்கு, மாடியில் சூரிய மின் தகடு மாட்டும் கம்பெனி வந்தது. ஏஜெண்டு நல்ல பேச்சுக்காரர். மாடி உங்களுடையது, தகடு எங்களுடையது, வெயில் கடவுளுடையது என்றார். நீங்கள் ஒரு பைசா போட வேண்டாம். எங்கள் முதலீட்டாளர்கள் போடுவார்கள். தகட்டிலிருந்து வரும் கரண்டுக்கு யூனிட் கணக்கில் எங்களுக்குக் கொடுத்தால் போதும், ஈ.பி. ரேட்டை விடக் குறைவு. இவ்வளவும் உண்மை. கிளம்பும்போது, "ஊருக்கே கரண்டு போனாலும் உங்க ஊட்ல போகாதுங்க" என்று ஒன்று சொல்லிவிட்டுப் போனார். அது உண்மை இல்லை.

சார் கம்பெனிக்காரர்களுக்கு எதிரி இல்லை. கோழிப்பண்ணை ஃபேன்களும் விசைத்தறிகளும் ஓடும் பகல் நேரத்தில் மாடியிலிருந்தும் கொஞ்சம் கரண்ட் வந்தால் டிரான்ஸ்பார்மருக்கு நல்லது என்று சொல்வார். முதலீட்டாளர் என்றால் யார் என்று நான் ஒருநாள் கேட்டேன். "நம்ம மாதிரி பென்சன்காரங்களாவும் இருக்கலாமுங்க ஸ்டெல்லாம்மா. பணத்தக் குடுத்துட்டு, குட்டி போட்டுச்சான்னு மட்டும் கேப்பாங்க" என்றார்.

அந்த ஊரில் தகடு மாட்டிக்கொண்ட வீடுகளில் ஒன்று முத்துசாமி வீடு. ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் போர்வெல் போட்ட மனிதர். பாறைத் தூசி நெஞ்சில் இறங்கி, ஐம்பது வயதில் கட்டிலோடு கிடந்தார். ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் அவருக்கு மூச்சு இல்லை. அது கரண்டில் ஓடும் மெஷின். மூக்கில் குழாயும் கையில் ரிமோட்டுமாகச் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மனைவி சரசு நாளெல்லாம் ஓடிக்கொண்டே இருப்பாள். கரண்ட் போனால் வைத்துக்கொள்ள ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. தகடு வந்த பிறகு, இனிமேல்தான் கரண்டே போகாதே என்று அதை நிரப்பாமல் விட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஏஜெண்டு சொன்னதை அவள் நம்பினாள்.

மின்தடை நாளில் ரீடிங் எடுக்க முடியாது. புது இணைப்பு கேட்டவர்களின் வீட்டைப் பார்க்கப் போவேன். அப்படி ஒருநாள் முத்துசாமியின் அடுத்த வீட்டில் நின்றுகொண்டிருந்தேன். சரசு தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"ஈ.பி.காரம்மா, தகடு ஓட மாட்டேங்குதுங்க. வெயிலு இப்பிடிக் கொளுத்துது, மெசின் நின்னு போச்சுங்க."

உள்ளே போய்ப் பார்த்தேன். மாடியில் தகடுகள் கண் கூசும்படி மின்னுகின்றன. கீழே முத்துசாமி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கிறார். உதடு நீலம் பாரித்துவிட்டது. இத்தனை வருஷம் எண்ணைப் படித்து எழுதியவள்தானே நான், அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு ஆள் மூச்சு விடுகிறான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. சாருக்குப் போன் போட்டேன்.

"ஸ்டெல்லாம்மா, நாலு எடத்துல ஆளுங்க மேல இருக்காங்க. எல்லாத்தையும் எறக்கறக்கு நேரமாகுமுங்க. அது வரைக்கும் தாங்குவாருங்களா?"

"தெரியலைங்க சார்."

"அப்பக் கரண்டு இருக்கற எடத்துக்கு அவரத் தூக்கிட்டுப் போயிருங்க. பக்கத்துப் பண்ணையில ஜெனரேட்டர் ஓடுமுங்க. நான் இங்க ஆளுங்கள எறக்கறேன்."

போன் வைத்துவிட்டார். பண்ணைக்காரரின் முட்டை வண்டி தெருமுனையில் நின்றது. முத்துசாமியைத் தூக்கி முன் சீட்டில் டிரைவருக்கும் சரசுவுக்கும் நடுவில் உட்கார வைத்தோம். நானும் மெஷினும் பின்னால் முட்டை அட்டைகளுக்கு நடுவில். டிரைவர் முட்டை உடையாமல் ஓட்டியே பழகிய மனிதர். உயிர் போகிற அவசரத்திலும் ஒவ்வொரு குழியையும் பார்த்துப் பார்த்து, மணப்பெண் ஊர்வலம் போல ஓட்டினார். அன்றைக்கு நான் அவரைத் திட்டிய திட்டைப் சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் இன்னும் சொல்லவில்லை. சாமியார் வயதானவர், தாங்க மாட்டார்.

பண்ணையில் தீவன அறையில் ஒரு பிளக் கிடைத்தது. மெஷின் ஓடத் தொடங்கியது. தீவன மூட்டைமேல் சாய்ந்திருந்த முத்துசாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். நீலம் மெல்ல மெல்ல இறங்கியது. கண்ணைத் திறந்தவர் முதலில் சொன்னது, "கருவாட்டு நாத்தம் தாங்கலீங்க" என்பதுதான். கோழித் தீவனத்தில் கருவாட்டுத் தூள் கலந்திருந்தார்கள். சரசு அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான்.

கரண்ட் வந்த பிறகு சார் நேராக முத்துசாமி வீட்டுக்கு வந்தார். மாடி ஏறித் தகட்டையும் கம்பெனியின் இன்வெர்ட்டர் பெட்டியையும் பார்த்துவிட்டு இறங்கி, சரசுவுக்குப் பொறுமையாக விளக்கினார். ஊர் லைனில் கரண்ட் நின்றால் இந்தத் தகடும் தானாக நின்றுவிடும். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் உங்கள் மாடியிலிருந்து கிளம்பும் கரண்ட் தெருக் கம்பிக்கு ஏறி, அங்கே வேலை செய்பவனை அடித்துவிடும்.

உள்ளூர் எலக்ட்ரீஷியன் நடேசன் கூட்டத்தில் நின்றிருந்தான். "ஒரு சின்ன வேலைதானுங்க சார். அந்தப் பெட்டிய ஏமாத்தி உட்டா ஷட் டவுன்லயும் ஓடும். ஓமலூர்ப் பக்கம் ரெண்டு ஊட்ல பண்ணிக் குடுத்திருக்கேன்" என்றான்.

"அப்படீங்களா நடேசன் சாருங்க. அந்த ரெண்டு ஊட்டு அட்ரஸையுங் கொஞ்சம் சொல்லீட்டுப் போறீங்களாங்க" என்றார் சார். நடேசனுக்கு அவருடைய மரியாதையின் பொருள் தெரியாது. தெரிந்தபோது ஓமலூர் ஈ.பி. ஆபீசிலிருந்து ஆள் போய் அந்த இரண்டு வேலையையும் பிரித்துப் போட்டிருந்தார்கள்.

சரசு விடுவதாக இல்லை. "பண்ணச் சொல்லுங்க சார். நாங்க யாருகிட்டயுஞ் சொல்ல மாட்டமுங்க. இவருக்கு ஒண்ணுன்னா நான் எங்க போவேன்?"

அதற்குப் பதில் சொன்னது கட்டிலிலிருந்து முத்துசாமிதான், விட்டு விட்டு. "ரிக்குல பாத்திருக்கேன் சாமி. தூக்குன ராடு லைன்ல பட்டுச்சு. எங்கூட ஒரே தட்டுல சோறு தின்னவன். கையப் புடிச்சு இழுக்கக்கூட முடியலை." மூச்சு வாங்கிக்கொண்டார். "எம்மூச்சுக்காவ மேல இருக்கறவன் மூச்சப் புடுங்கறதா? வேண்டாமுங்க."

"உங்களுக்கு ஊருல இருக்கறவனெல்லாம் பெருசு, நான்தான் சிறுசு" என்று சரசு சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் பாத்திரம் துலக்கிய சத்தம் தெருவுக்கே கேட்டது. அவள் கோபமும் நியாயம், அவர் பேச்சும் நியாயம். எனக்கு யார் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை.

சரியான வழி ஒன்று இருந்தது. கம்பெனியின் பெட்டியை மாற்றி, பேட்டரி சேர்த்து, ஊர் லைனோடு சேராமல் தனியாக ஒரே ஒரு பிளக்குக்கு இழுத்துவிட்டால், பகல் முழுவதும் தகடு பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கும், மெஷின் நிற்காது. கடையில் விற்கும் சாதாரண வீட்டு பேட்டரி மதியத்துக்குள் படுத்துவிடும். ஆனால் பெட்டி கம்பெனியின் சொத்து. சரசு தொடக்கூடாது, நாங்களும் தொடக்கூடாது. அதுவரைக்கும் என்று ஓர் ஏற்பாடு செய்தோம். மின்தடைக்கு முதல் நாள் சரசுவுக்குப் போன் போகும். காலையில் முட்டை வண்டி வரும். முத்துசாமி அன்றைக்குக் கருவாட்டு நாற்றத்தோடு குடித்தனம் நடத்துவார். சிலிண்டரும் மறுபடி நிரப்பி வைத்தாயிற்று. ஆனால் கோடை மழைக்குக் கிளை முறிந்து லைன் அறுந்தால் முன்கூட்டிப் போன் செய்ய முடியாதே. வானம் கறுத்தால் நான் சரசுவுக்குப் போன் போட்டு, சிலிண்டர் நிறைந்திருக்கிறதா என்று கேட்பேன்.

சார் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கம்பெனிக்குப் போன் போட்டார். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொல்லும். அழுத்தினால் இந்தியில் ஒரு பாட்டு வரும். பாட்டு முடிந்து கிடைக்கும் பெண், புகாரைப் பதிந்துகொண்டோம் என்பாள். நடுவில் அந்தக் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கிவிட்டது. பாட்டு மட்டும் மாறியது. ஒப்பந்தத்தில் இல்லாத மாற்றம், முதலீட்டாளர் ஒப்புதல் வேண்டும் என்றார்கள்.

"அப்ப அந்த முதலீட்டாளருங்களையே ஒருக்கா வரச் சொல்லுங்கம்மணிங்க. அவங்க சொத்து எங்கூரு மாடியிலதானுங்க இருக்குது. வந்து கண்ணுல பாத்துட்டுப் போகட்டுமுங்க. நாங்க சாப்பாடு போடறமுங்க" என்றார் சார். அந்தப் பெண் அதையும் புகாராகப் பதிந்துகொண்டாள்.

இப்படியே ஒரு கோடை போய், அடுத்த கோடையும் வந்துவிட்டது. சரசுவுக்குத் தினமும் படுக்கை விரிப்புகள் துவைக்கிற வேலை. கொடி கட்டியிருந்த இடத்தைத் தகடுகள் பிடித்துக்கொண்டன. ஒருநாள் அவள் துவைத்த விரிப்புகளையும் போர்வைகளையும் தகடுகளின் மேலேயே விரித்துவிட்டாள். அடுத்த நாளும் விரித்தாள். அதற்கடுத்த நாள் காலையில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

கம்பெனி இன்ஜினியர். கோயம்புத்தூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்திருக்கிறார். எத்தனையோ போனுக்கு வராத மனிதர்கள், யூனிட் குறைந்தது அவர்கள் திரையில் தெரிந்ததும் ஓடி வந்துவிட்டார்கள். சரசு எங்களைக் கூப்பிட்டாள். நாங்கள் போனபோது அவர் மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். தலை நரைக்கத் தொடங்கியவர், சட்டையெல்லாம் வேர்வை.

"ஏம்மா, பேனல் மேலயா துணி காயப்போடுவாங்க?"

"வெயிலு அங்கதானுங்க நல்லா அடிக்குது" என்றாள் சரசு. அவள் முகத்தைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி இருந்தது. சார் வேப்ப மரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"எடுத்திருங்கம்மா. ப்ரொடக்‌ஷன் விழுந்துருச்சுன்னு மேல இருந்து என்னைத்தான் கேக்கறாங்க."

"எடுத்தர்றனுங்க. மொதல்ல உள்ள வந்து ஒரு வாய் மோர் குடிங்க."

உள்ளே வந்தவர் மெஷினைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், குழாயின் முடிவில் இருந்த முத்துசாமியைப் பார்த்தார். மோரை வாங்கியவர் குடிக்கவில்லை. முத்துசாமி, "வாங்க சாமி" என்று சொல்லிவிட்டு, "சரசு, மெயினை நிறுத்து" என்றார். அவள் தயங்கினாள். "நிறுத்துங்கறேன்."

அவள் நிறுத்தினாள். ஃபேன் நின்றது. மெஷின் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. சிலிண்டரின் திருகில் கை வைத்தபடி சரசு நின்றாள். முத்துசாமியின் தோள் ஏறி இறங்கியது, கழுத்துக் குழி உள்ளே இழுத்தது. அவர் கண் மட்டும் இன்ஜினியர் முகத்தை விட்டு நகரவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எனக்குத் தாங்க முடியவில்லை, போதும் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த மனிதர் மோர் டம்ளரைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் மெயினைத் தானே போட்டார்.

மெஷின் ஓடத் தொடங்கி, முத்துசாமி நேராக உட்கார்ந்தார். கொட்டிய மோரைச் சரசு துடைத்தாள். இன்ஜினியர் செருப்பில்லாத காலோடு வாசலுக்குப் போய்ப் போனை எடுத்தார். பேட்டரி, பெட்டி, தனி பிளக் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தப் பக்கம் இருந்தவர் அதையெல்லாம் விட்டுவிட்டு வேறு ஏதோ கேட்டிருக்க வேண்டும். அவர் மாடியை அண்ணாந்து பார்த்தார். ஆறு விரிப்பும் இரண்டு போர்வையும் மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தன.

"இல்லீங்க சார், ப்ரொடக்‌ஷன் இன்னும் வரலீங்க" என்றார். "துணி ஈரமா இருக்குதுங்க. நீங்க ஒப்புதல் அனுப்புங்க, அதுக்குள்ள காஞ்சிரும்."

அந்தச் சித்திரை வெயிலில், பேட்டரி வந்து மாட்டி முடிக்கும் வரைக்கும் அந்தத் துணி காயவே இல்லை.